எழுதி வையுங்கள்! லிபியா மக்கள் சொல்லித் தரும் பாடம்

(சிறுபான்மையினர் உரிமை குறித்த சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத வாசகர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



நான் லிபியாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்ததும் பின்வரிசையில் ஓர் ஐயா பக்கத்தில் இருப்பவரிடம், "நம்ம பிரச்சினையே தலைக்கு மேல கெடக்கு, லிபியா எதுக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான் ஐயா. அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசி முடித்த பிறகு நீங்களே பதில் சொல்லுங்கள்.

லிபியா என்றால் நமக்குக் கடாபி தெரியும், எண்ணெய் தெரியும், 2011-இல் நடந்த சண்டை தெரியும். அந்த நாட்டில் மின்சாரம் இல்லாத இரவிலும், வங்கியில் போட்ட சொந்தப் பணத்தை எடுக்க முடியாத நிலையிலும், கதவை யார் தட்டுவார்களோ என்ற பயத்திலும் உட்கார்ந்து, "இன்றைக்கு என் ஊரில் இது நடந்தது" என்று பதிவு செய்துகொண்டே இருந்த மனிதர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அவர்களில் சிலர் எழுத்தாளர்கள். சிலர் என்னைப் போல வழக்கறிஞர்கள். பலர் சாதாரண மக்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் சட்டம்

1969 செப்டம்பர் 1-ஆம் தேதி கடாபி ஆட்சியைப் பிடித்தார். 1972-இல் 71-ஆம் எண் சட்டம் வந்தது. அரசின் கொள்கைக்கு மாறாகக் கட்சியோ குழுவோ அமைத்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்றது அந்தச் சட்டம். பத்திரிகைகள் அரசின் கைக்குப் போயின. எழுத்தாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். 1970-களின் இறுதியில் பிடிபட்ட இளம் எழுத்தாளர்களில் பலர் 1988-இல்தான் வெளியே வந்தார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டு! இருபது வயதில் போனவன் முப்பது வயதில் திரும்பினான்.

அந்த நாட்டிலும் ஒரு சிறுபான்மை மக்கள் இருக்கிறார்கள். அமாசிக் மக்கள். வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகள். நஃபூசா மலைப் பகுதியிலும் சுவாரா என்ற கடலோர ஊரிலும் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த மொழி உண்டு, திஃபினாக் என்ற சொந்த எழுத்தும் உண்டு. ஆனால் அப்படி ஒரு தனி இனமே லிபியாவில் இல்லை என்பதுதான் கடாபி அரசின் நிலைப்பாடு. 2001-இல் 24-ஆம் எண் சட்டம் வந்தது. பொது இடங்களில் அரபு மொழிக்கும் அரபுப் பெயருக்கும் மட்டுமே இடம். பிள்ளைக்குப் பாட்டியின் அமாசிக் பெயரை வைத்தால் பதிவு கிடையாது. சற்று யோசித்துப் பாருங்கள். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பதிவு இலாகாவின் முகப்பில் நின்று, "வேறு பெயர் சொல்" என்று கேட்கப்படும் ஒரு தகப்பனின் நிலையை!

அந்த மக்களில் சயீத் சிஃபாவ் அல் மஹ்ரூக் என்று ஒரு கவிஞர் இருந்தார். நஃபூசா மலையில் ஜாது என்ற ஊரில் பிறந்தவர். 1979-இல் ஒரு வாகனம் அவரை மோதியது. விபத்து அல்ல, கொலை முயற்சி என்றே அவருடைய மக்கள் நம்புகிறார்கள். உடல் முடங்கிப் போனது. அதன் பிறகு 1994-இல் இறக்கும் வரை, பதினைந்து ஆண்டுகள், அந்த உடலோடு தம் மக்களின் கதைகளையும் கவிதையையும் விடாமல் எழுதினார். இல்லாத இனம் என்று அரசு சொன்ன மக்களுக்கு இலக்கியம் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். 2013-இல், கடாபி ஆட்சி விழுந்த பிறகு, லிபியா நாடாளுமன்றம் 18-ஆம் எண் சட்டத்தின் வழி அமாசிக், துவாரெக், தெபு மக்களின் மொழிகளை அங்கீகரித்தது. அதைப் பார்க்கச் சிஃபாவ் உயிரோடு இல்லை.

ஐம்பது கட்டுரை, ஒரு பழைய கைத்துப்பாக்கி

இணையம் வந்த பிறகு நிலைமை மாறும் என்று லிபியா மக்கள் நம்பினார்கள். உள்நாட்டில் எந்தப் பத்திரிகையும் போடாததை, வெளிநாட்டில் இருந்து இயங்கும் அகப்பக்கங்களுக்கு எழுதி அனுப்பலாம் அல்லவா?

கிழக்கு லிபியாவில் தோப்ருக் என்ற ஊர். அங்கே அப்துல் ராசிக் அல் மன்சூரி என்ற புத்தக வியாபாரி. பெரிய அரசியல்வாதி அல்ல. தாம் பார்த்ததை, தமக்குத் தோன்றியதை எழுதினார். லண்டனில் இருந்து இயங்கிய ஓர் அகப்பக்கத்தில் சுமார் 50 கட்டுரைகள் வந்தன. 2005 ஜனவரியில் கைது செய்தார்கள். கணினியையும் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் கட்டுரைக்காக வழக்குப் போடவில்லை! கைது செய்த பிறகு வீட்டைத் தேடி, உரிமம் இல்லாத ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தது என்றார்கள். அதற்காக 18 மாதச் சிறை. எழுத்தைப் பற்றித் தீர்ப்பில் பேச்சே இல்லை. அரசு எழுத்துக்குப் பயப்படும்போது எழுத்தின் பெயரைச் சொல்லி வழக்குப் போடாது, வேறு பெயர் கண்டுபிடிக்கும். வழக்கறிஞர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வித்தை. 2006 மார்ச் மாதம் அவரை விடுவித்தார்கள்.

பெங்காசி நகரில் தைஃப் அல் கசாலுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவர் முதலில் அரசு பத்திரிகையில் எழுதியவர். உள்ளே இருந்து ஊழலைப் பார்த்தவர். பிறகு வெளியேறி, இணையத்தில் அதைப் பற்றி எழுதத் தொடங்கினார். 2005 மே 21-ஆம் தேதி அவரைக் கொண்டு போனார்கள். சில நாட்கள் கழித்து உடல்தான் கிடைத்தது. எழுதிய கையின் விரல்கள் வெட்டப்பட்டிருந்தன என்று அப்போது செய்திகள் வந்தன. வயது 32.

தட்டுகளை எண்ணிய கைதி

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு சிறைக்குள் நூற்றுக்கணக்கான பேரைக் கொன்றுவிட்டு, நாட்டுக்கே தெரியாமல் மூடி மறைக்க முடியுமா? முடிந்தது. பல ஆண்டுகள் முடிந்தது.

திரிபோலி நகரில் அபு சலீம் சிறை. 1996 ஜூன் மாத இறுதியில் கைதிகள் கிளர்ச்சி செய்தார்கள். முற்றத்தில் கூட்டிவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாய்மார்கள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பெங்காசியில் இருந்து ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, சாப்பாடும் துணியும் கொண்டுவந்து சிறை வாசலில் கொடுத்தார்கள். காவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செத்துப்போன பிள்ளைக்குச் சாப்பாடு!

எத்தனை பேர் இறந்தார்கள்? அரசிடம் பட்டியல் இருந்தாலும் தராது. கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? சிறைச் சமையலறையில் வேலை செய்த ஒரு கைதியிடமிருந்து. அந்த நாளுக்கு முன் எத்தனை பேருக்குச் சாப்பாடு தயார் செய்தார், அந்த நாளுக்குப் பின் எத்தனை பேருக்குத் தயார் செய்தார். அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்திருந்தார். விடுதலையாகி வெளிநாடு போன பிறகு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பிடம் சொன்னார். 2006-இல் அது வெளியிடப்பட்டது. 1,200 பேருக்கு மேல்! உலகம் இன்று சொல்லும் எண்ணிக்கைக்கு அடிப்படை, ஒரு சமையல்காரர் எண்ணிய சாப்பாட்டுத் தட்டு.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், தடுப்புக் காவலில் அடி வாங்கிய ஒரு பையனுக்காக வழக்காடினேன். அவனுடைய அம்மா காவல் நிலையத்துக்குப் பல தடவை நடந்திருக்கிறார். சாட்சிக் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டது. "அம்மா, முதல் தடவை போனது செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா?" அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். செவ்வாய் என்றார். பிறகு புதன் என்றார். பிறகு அழுதுவிட்டார். அன்றைக்கு அந்த வழக்கு என் கையை விட்டுப் போனது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஒரு பேனாவால் கோடு போட்டிருந்தால் போதும். நமது 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159-ஆவது பிரிவு, சம்பவம் நடந்த சமயத்தில் தாமே எழுதிய குறிப்பைப் பார்த்து ஒரு சாட்சி தம் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறது. அதை அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லித்தர ஆள் இல்லை. அன்று முதல் நான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அபு சலீம் குடும்பங்கள் விடவில்லை. 2007-இல் வடக்கு பெங்காசி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கடாபி ஆட்சியில், கடாபியின் நீதிமன்றத்தில்! 2008 ஜூன் மாதம், அந்தக் கைதிகளின் கதி என்ன என்பதை அரசு வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி, சனிக்கிழமைதோறும் பெங்காசி வீதியில் நின்றார்கள். அவர்களுடைய வழக்கறிஞர்களில் ஒருவர் ஃபாத்தி தெர்பில். அந்தப் படுகொலையில் தம் உடன்பிறந்தவரையே பறிகொடுத்தவர். 2011 பிப்ரவரி 15-ஆம் தேதி தெர்பிலைக் கைது செய்தார்கள். அன்று இரவே அந்தக் குடும்பங்கள் காவல் தலைமையகத்தின் முன் திரண்டன. அங்கே தொடங்கிய கூட்டம்தான் 42 ஆண்டு ஆட்சியைக் கவிழ்த்தது. சகோதரர்களே, ஒரு சமையல்காரரின் கணக்கும் தாய்மார்களின் பிடிவாதமும் எங்கே கொண்டுபோய் விட்டது பார்த்தீர்களா?

ஆட்சி மாறியது, ஆபத்து மாறவில்லை

2011 பிப்ரவரியில் அரசு இணையத்தைத் துண்டிக்கத் தொடங்கியது. பெங்காசியில் முகமது நப்பூஸ் என்ற இளைஞர் செயற்கைக்கோள் இணைப்பைப் பொருத்தி, பிப்ரவரி 19-ஆம் தேதி தம் சொந்த இணைய ஒளிபரப்பைத் தொடங்கினார். குண்டு விழுந்த வீடு, காயம்பட்ட பிள்ளை, வெறிச்சோடிய தெரு, எல்லாவற்றையும் காட்டினார். மார்ச் 18-ஆம் தேதி போர் நிறுத்தம் என்று அரசு அறிவித்தது. மறுநாள் காலையில் பெங்காசியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. போர் நிறுத்தம் பொய் என்று காட்ட நப்பூஸ் தெருவில் இறங்கினார். பதிவு செய்துகொண்டிருந்தபோதே சுடப்பட்டு இறந்தார். ஒளிபரப்பு தொடங்கிச் சரியாக நான்கு வாரம். கர்ப்பிணியாக இருந்த அவருடைய மனைவி அதே ஒளிபரப்பில் வந்து மரணச் செய்தியைச் சொல்லி, இதை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கடாபி போன பிறகு எழுதுபவர்களுக்கு விடிவு வந்ததா? வரவில்லை. இதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன்.

சல்வா புகைகிஸ், பெண் வழக்கறிஞர். அபு சலீம் குடும்பங்களுக்காக வாதாடியவர். 2014 ஜூன் 25, நாடாளுமன்றத் தேர்தல் நாள். வாக்களித்துவிட்டுத் தம் படத்தை வெளியிட்டார். தம் வீட்டருகே சண்டை நடப்பதைத் தொலைக்காட்சிக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று மாலையே வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, தவ்ஃபீக் பின்சவூத் கொல்லப்பட்டார். அமைதி வேண்டும் என்று எழுதியவர். வயது வெறும் 18. 2020 நவம்பர் 10-ஆம் தேதி, ஹனான் அல் பராசி என்ற இன்னொரு பெண் வழக்கறிஞர், ஆயுதக் குழுக்களின் ஊழலைப் பற்றிக் காணொளியில் பேசியவர், பட்டப்பகலில் பெங்காசியின் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொடி மாறியது. துப்பாக்கி வைத்திருந்தவன் மாறினான். எழுதுபவரைக் கண்டால் ஆத்திரப்படும் குணம் மட்டும் மாறவில்லை.

கஷ்டத்தில் எழுத என்ன இருக்கிறது?

கொலையும் கைதும் மட்டும்தான் பதிவு செய்யத் தக்கவை என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்காவிலேயே அதிக எண்ணெய் இருப்பு உள்ள நாடு லிபியா. அந்த நாட்டில் 2014-க்குப் பிறகு மக்கள் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். சம்பளப் பணத்தை எடுக்க வங்கி வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரல் முதல் 2020 ஜூன் வரை திரிபோலியைச் சுற்றிச் சண்டை நடந்தது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்த வாழ்க்கையை அங்கே மக்கள் தினமும் குறித்து வைத்தார்கள். எத்தனை மணிக்கு மின்சாரம் போனது, ரொட்டி என்ன விலை, எந்தச் சாலை அடைபட்டது என்று. பார்க்க அற்ப விஷயம். பின்னால் அதுதான் ஒரு நகரத்தின் சரித்திரம்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு டெர்னா என்ற ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் புயல் மழையில் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதைக் கடவுள் செயல் என்று சொல்லிக் கைகழுவியிருக்கலாம். ஆனால் 2021-இலேயே அரசின் தணிக்கைத் துறை எழுதி வைத்திருந்தது: 2012, 2013 ஆண்டுகளில் பணம் ஒதுக்கியும் அணைகள் பராமரிக்கப்படவில்லை என்று. உள்ளூர்க் கவிஞர் முஸ்தஃபா அல் திராபெல்சி, வெள்ளத்துக்குச் சில நாள் முன்பு மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். அவரையும் வெள்ளம் கொண்டு போனது. கவிதை பல மொழிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலையில் டெர்னா நீதிமன்றம் 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது.

அப்படியானால் எழுதினால் நீதி கிடைத்துவிடுமா? வழக்கறிஞராக நான் அப்படி உத்தரவாதம் தர மாட்டேன். அபு சலீம் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் திரிபோலி நீதிமன்றம், காலவரம்பு கடந்துவிட்டது என்று அந்த வழக்கைக் கைவிட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை இரத்து செய்தது.  ஆவணம் இருந்தால் வழக்கு தாமதமாகலாம். ஆவணமே இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

உங்களிடம் நான் கேட்பது

நான் யாரையும் உயிரைக் கொடுக்கச் சொல்லி இங்கே வரவில்லை. லிபியாவில் இருந்து நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் இது: எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். நப்பூஸ் காட்டியது அன்றே வெளிவர வேண்டிய உண்மை. ஒரு நாள் பிந்தினால் பொய் வென்றிருக்கும். அந்தச் சமையல்காரர் வைத்திருந்த கணக்கு, பாதுகாப்பான இடத்துக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டிய உண்மை. இருவருமே சரியாகச் செய்தார்கள். வெளியிடும் நாளை நீங்கள் தள்ளிப் போடலாம். எழுதும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

எப்படி எழுதுவது? நீதிமன்றத்தில் நின்று கற்றதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முதலில் தேதி, நேரம், இடம். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டு, அன்றைய சம்பவத்தை அன்றே எழுதுங்கள். நான்கு வரி போதும். ஒரு மாதம் கழித்து எழுதும் நான்கு பக்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்று, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்காதீர்கள். "நான் பார்த்தேன்", "எனக்குச் சொன்னார்கள்" என்று பிரித்து எழுதுங்கள். ஒரு மிகைப்படுத்தல் போதும், ஒன்பது உண்மையை அது கொன்றுவிடும்.

நான்கு, இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். கணினியையும் கைப்பேசியையும்தான் முதலில் அள்ளிக்கொண்டு போவார்கள். மன்சூரி வீட்டில் அதுதான் நடந்தது.

ஐந்து, அடுத்தவர் பெயரை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே போடாதீர்கள். உங்கள் துணிச்சலுக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது.

நண்பர்களே, சிஃபாவ் எழுதியபோது அவருடைய மொழிக்கு நாட்டில் அங்கீகாரம் இல்லை. அபு சலீம் தாய்மார்கள் வழக்குப் போட்டபோது, வெல்வார்கள் என்று சொல்ல யாரும் இல்லை. தட்டுகளை எண்ணிய கைதிக்கு, அந்த எண்ணிக்கையை ஒரு நாள் யாராவது கேட்பார்கள் என்ற நிச்சயம் இல்லை. ஆனாலும் எண்ணினார்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஐம்பது காசு, ஒரு வெள்ளி கொடுத்து வாங்கிய ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் பிள்ளையின் பள்ளியில் நடந்த ஒரே ஒரு விஷயத்தை உங்கள் மொழியில் எழுதுங்கள். அதை யாரிடமும் காட்ட வேண்டாம். நாளைக்கும் எழுதுங்கள்.

பின்வரிசை ஐயா, லிபியா எதுக்கு என்று கேட்டீர்கள். என்னிடம் வந்த அந்த அம்மாவிடம் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. அடுத்து என்னிடம் வரும் அம்மாவிடம் அது இருக்க வேண்டும். அதுக்குத்தான் ஐயா.